ஒரே வளவில் பல அடுப்பு



2010 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் கடலுக்கடியிலிருந்து எடுக்கும் எரிவாயுவை என்ன விலைக்கு விற்பது என்பது வழக்கு. விற்க வேண்டிய கம்பெனி அண்ணன் முகேஷ் அம்பானியிடம் இருந்தது. வாங்க வேண்டிய கம்பெனி தம்பி அனில் அம்பானியிடம் இருந்தது. இரண்டிலும் லட்சக்கணக்கான பொதுமக்கள் பங்கு வைத்திருந்தார்கள். நாளொன்றுக்கு 2.8 கோடி கன மீட்டர் வாயு, 17 ஆண்டுகளுக்கு, அலகுக்கு 2.34 டாலர் விலையில் தம்பிக்குத் தர வேண்டும் என்பது எங்கே எழுதப்பட்டிருந்தது தெரியுமா? 2005-ல் தாயார் கோகிலாபென் நடுவிலிருந்து தீர்த்துவைத்தபோது எழுதிய குடும்ப உடன்படிக்கையில்.

தகப்பனார் திருபாய் அம்பானி 2002 ஜூலையில் உயில் எழுதாமல் காலமானார். மூன்றாண்டுகள் பிள்ளைகளுக்குள் மனக்கசப்பு வளர்ந்தது. கடைசியில் தாயார் சமாதானம் செய்து, இது உனக்கு, அது அவனுக்கு என்று பிரித்தார். எண்ணெயும் பெட்ரோ கெமிக்கலும் மூத்தவருக்கு, தொலைபேசியும் மின்சாரமும் நிதித் தொழிலும் இளையவருக்கு. 2.34 டாலர் என்பது அதற்கு முன்னால் அரசு மின் நிறுவனமான என்.டி.பி.சி.யின் டெண்டரில் குறித்த விலைதான். தம்பி பங்குக்கும் அதே விலை என்று அண்ணன் தம்பிப் பங்கீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நம் ஈரோட்டுப் பக்கத்துக்காரரான நீதிபதி ப. சதாசிவம். பங்குதாரர்கள் கண்ணில் படாத குடும்ப ஏற்பாடு கம்பெனியைக் கட்டுப்படுத்தாது, வாயு நாட்டின் சொத்து, விலை அரசின் கையில் என்று தீர்ப்பு வந்தது.

அந்தக் குடும்ப ஏற்பாட்டில் இன்னொரு கட்டும் இருந்தது. ஒருவர் தொழிலில் மற்றவர் இறங்கக்கூடாது. அதனால் தொலைபேசித் தொழிலை இந்தியாவில் பெரிதாகத் தொடங்கிவைத்த முகேஷ் அம்பானி ஐந்தாண்டுகள் அந்தப் பக்கமே வரவில்லை. 2010 மே மாதக் கடைசியில் அந்தக் கட்டை இருவரும் சேர்ந்து விலக்கினார்கள். அடுத்த மாதமே அண்ணனின் கம்பெனி அலைக்கற்றை வைத்திருந்த ஒரு நிறுவனத்தை வாங்கியது. 2016-ல் ஜியோ வந்தது. 2017 முடிவதற்குள் தம்பியின் கைப்பேசிச் சேவை நின்றுபோனது. 2019-ல் எரிக்சன் கம்பெனிக்குத் தர வேண்டிய பாக்கியைக் கட்டாவிட்டால் தம்பி சிறைக்குப் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது. கெடு முடிவதற்குள் அந்தச் சுமார் 460 கோடி ரூபாய் கட்டப்பட்டது. அண்ணனுக்கும் அண்ணிக்கும் நன்றி சொல்லித் தம்பி அறிக்கை விட்டார்.

தொழில் புத்தகங்களில் முடிவெடுத்தல் என்று ஒரு பாடம் இருக்கும். சந்தை எப்படி, முதல் எவ்வளவு, வட்டி என்ன, போட்டி யார் என்று வரிசையாகக் கேள்வி கேட்கச் சொல்லும். அந்தக் கேள்விகளில் எதை வைத்துக் கேட்டாலும் இந்த ஐந்து முடிவுகளுக்கும் விடை கிடைக்காது. வாயுவின் விலை, தொலைபேசிக்கு வராமல் இருந்தது, பிறகு வந்தது, வென்றது, கடைசியில் 460 கோடியைக் கட்டியது, எல்லாமே தாய்க்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் நடந்தவை.

ஒரு குடும்பம் நடத்தும் தொழிலில் உறவுதான் முடிவெடுக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை, வெட்கப்பட வேண்டியதும் இல்லை. கணக்கில் எழுத வேண்டும். யாருக்கு எவ்வளவு, யார் சொல் எதில் செல்லும், பிரிந்து போகிறவர் என்ன வாங்கிக்கொண்டு போவார் என்பதை எழுத வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்கள் இதை மிக நன்றாகச் செய்திருக்கிறார்கள். அவர்கள் யாரை எழுதாமல் விட்டார்களோ, அந்த இடத்தில்தான் இன்றைக்குச் சண்டை நடக்கிறது. இன்று உங்களிடம் சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் இதற்கான விளக்கம்.

அம்பானி வீடு பெரிய இடம். நம் கடைவீதிக்கு வருவோம். ஒரு பாத்திரக் கடை. எழுபத்தைந்து வயதுத் தகப்பனார் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். மூத்தவர் கொள்முதல் பார்க்கிறார். இளையவர் பொறியியல் படித்தவர், வசூலும் வங்கியும் பார்க்கிறார். புறவழிச்சாலையில் ஒரு கிளை போட வேண்டும் என்று இளையவருக்கு ஆசை. இடம் பார்த்து, வாடகை பேசி, கணக்குப் போட்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து தகப்பனார் முன்னால் வைக்கிறார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பழையபடி பேரேட்டைப் புரட்டுகிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு நாள் கழித்து, இரவு தோசை ஊற்றிக்கொண்டே தாயார் சொல்கிறார்: “இப்ப வேண்டாம்ப்பா. புதுக்கடை வச்சா அது உனக்குன்னு ஆயிடுமான்னு அண்ணியோட அப்பா கேட்டாராம். உங்கப்பாவுக்கு மனசே சரியில்ல.”

அவ்வளவுதான், கிளை போயிற்று. அந்தக் காகிதத்தில் இருந்த வாடகையையும் சரக்கையும் யாரும் பார்க்கவே இல்லை. இந்த முடிவில் தகப்பனார், தாயார், மூத்த மருமகள், சம்பந்தி என்று நான்கு பேர் கலந்திருக்கிறார்கள். அவர்களில் கடைக்குத் தினமும் வருகிறவர் ஒருவர். மூத்தவரைக் கேட்டிருந்தால் ஒருவேளை, சரி, நடத்து என்று சொல்லியிருப்பார். அவரை யாரும் கேட்கவில்லை. அடுப்படியில் பேசி முடித்தாகிவிட்டது. நீங்கள் சிரிப்பதைப் பார்த்தால் இந்தக் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தச் சம்பந்தி மேல் எனக்குக் கோபம் இல்லை. தன் மகளுக்கு என்ன மிஞ்சும் என்று அவர் கேட்டார். அது நியாயமான கேள்வி. விடை எங்கேயும் எழுதப்படாததால், கேள்வியே கிளையைத் தடுத்துவிட்டது. அதே குடும்பத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 2020-ல் ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்தபோது அதே மூத்த மருமகள் தன் நகையைக் கழற்றிக் கொடுத்திருப்பார். அதை வைத்துப் பையன்களுக்குச் சம்பளம் போட்டிருப்பார்கள். கும்பகோணத்து மொத்த வியாபாரி, தாத்தா காலத்துப் பழக்கம் என்று பாக்கியைக் கேட்காமல் இருந்திருப்பார். எந்த வங்கியும் அந்த நேரத்தில் அந்தப் பணத்தைக் கொடுத்திருக்காது. உறவைத் தொழிலிலிருந்து வெட்டி எறியுங்கள் என்று ஆலோசகர்கள் சொல்லும்போது, இந்த முதலையும் சேர்த்துத்தான் வெட்டச் சொல்கிறார்கள்.

வெட்டாமலும் மூழ்காமலும் நடத்த வழி உண்டா? செட்டிநாட்டில் ஒரு வழி கண்டுபிடித்து, சில தலைமுறைகள் நடத்தியும் காட்டினார்கள். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க இன்று வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். பர்மாத் தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரையையும் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றி வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன அறைகளை யாரும் அதிகம் பார்ப்பதில்லை. என் கண்ணுக்கு அந்த வீட்டிலேயே முக்கியமானவை அந்த அறைகள்தான். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் மகனை வேறு வைப்பார்கள். வேறு வைத்தாலும் வீட்டை விட்டு அனுப்புவதில்லை. அதே முகப்பு, அதே வளவு, விசேஷத்துக்கு எல்லோருக்கும் ஒரே பந்தி. அடுப்பு மட்டும் தனி. ஆண்டுக்கு இவ்வளவு நெல், இவ்வளவு ரூபாய் என்று தகப்பனார் ஒதுக்கிக் கொடுப்பார். அதற்குள் அந்த இளம் ஜோடி குடித்தனம் நடத்திக்கொள்ள வேண்டும். கைம்பெண்ணான தாய்க்கும் தனி அடுப்பு உண்டு. பல வீடுகளில், ஒதுக்கியதற்கு மேல் எடுத்தால் மகன் பேரில் பற்று எழுதி வட்டியும் போட்டார்கள்.

சொந்த மகனுக்கு வட்டியா என்று இன்று நமக்குக் கேட்கத் தோன்றும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இருபது வயதில் அந்தப் பையன் ஒரு வரவு செலவை நடத்தத் தொடங்கிவிடுகிறான். இரண்டு மருமகள்கள் ஒரே நெய்ச் சாடியைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியதில்லை. வீட்டுச் செலவு கடை முதலைத் தொடுவதில்லை. எல்லாவற்றையும் விட, எந்த மகன் கை அடக்கமானவன், எந்த மகன் கை நீளமானவன் என்று தகப்பனாருக்கு இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே தெரிந்துவிடுகிறது. ரங்கூனிலோ பினாங்கிலோ ஒரு கடையை யார் பொறுப்பில் விடலாம் என்ற தீர்மானத்துக்கு அந்தச் சமையல் கணக்கைவிட நல்ல சான்று வேறு இருந்திருக்க முடியாது என்றே நான் நம்புகிறேன்.

கடைக்குள்ளும் இதே ஒழுங்கு. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போகிற பையன் முதலில் பெட்டியடியில் உட்காருவான். அதற்கு மேல் அடுத்தாள், அதற்கும் மேல் மேலாள். ப. சிங்காரத்தின் நாவல்களைப் படித்தவர்களுக்கு இந்தப் படிகள் பழக்கமானவை. பெரிய வீட்டுப் பிள்ளைகள் பலரும் தகப்பனார் கடையில் உட்காராமல் உறவினர் ஒருவர் கடையில் தொழில் கற்றார்கள். அங்கே அவர் முதலாளி மகன் இல்லையே, கூட்டச் சொன்னால் கூட்ட வேண்டும். மேலாளுக்கு மூன்று ஆண்டுத் தவணை. தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்து, லாபத்தில் தனக்குரியதை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட வேண்டும். மச்சானாக இருந்தாலும் மூன்றாண்டுதான். இந்த ஒரு விதி எத்தனை மனத்தாங்கலைத் தவிர்த்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். யாரையும் எழுந்து போ என்று சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை, தவணையே சொல்லிவிடும்.

பேரேட்டில் பணத்துக்கும் பெயர் வைத்தார்கள். சொந்தப் பணம், ஆச்சிமார் பணம், கோயில் பணம், மேம்பணம். ஆச்சிமார் பணம் என்பது பெண்கள் கல்யாணத்தில் கொண்டுவந்த பணம். அது கடையில் கிடக்கும், ஆனால் கடையின் பணத்தோடு கலக்காது. அவர்கள் பேரில் வரவு வைத்து, வட்டி கட்டி வர வேண்டும். அப்படியென்றால் என்ன அர்த்தம்? மருமகளின் பிறந்த வீடு அந்தக் கடைக்குக் கடன் கொடுத்திருக்கிறது. கடை ஏதாவது கோணலாகப் போனால் அடுத்த வாரமே மைத்துனர் வந்து திண்ணையில் உட்காருவார். நம் பாத்திரக் கடையில் சம்பந்தி மறைவாகக் கேட்ட கேள்வியை இங்கே முகப்பில் உட்கார்ந்து நேராகக் கேட்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையைப் பேரேடே அவருக்குக் கொடுத்திருந்தது.

இந்த அமைப்புக்குள் ஒரு பெரிய பலவீனமும் இருந்தது. பர்மாவில் 1930 வாக்கில் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள். ஒருவர் பணம் இன்னொருவர் கடையில். அந்தக் கடையின் பணம் மூன்றாமவர் கடையில். எல்லோரும் பங்காளி, சம்பந்தி, மாமன், மச்சான். நம்பிக்கையால் வட்டி குறைந்தது, தொழில் பெருகியது. உலகப் பொருளாதாரம் சரிந்து நெல் விலை வீழ்ந்தபோது விவசாயியால் கடனைத் திருப்ப முடியவில்லை. அடகு நிலம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1937-ல் அது 25 சதவீதம். கையில் பணமாக இருந்தது நிலமாக மாறிக்கொண்டே போனது. நிலத்தை இழந்த பர்மிய உழவனின் கோபமும் கூடவே வளர்ந்தது. வெளியாள் ஒருவர் உள்ளே இருந்திருந்தால், இத்தனை பணத்தை ஒரே நாட்டில் வைக்கலாமா என்று கேட்டிருப்பார். வெளியாள் யாரும் இல்லை. மாமாவிடம் போட்ட பணத்தை எடுத்துவிடுகிறேன் என்று மருமகன் முதலில் சொல்வது எப்படி? 1942-ல் ஜப்பான்காரன் வந்தான். விடுதலைக்குப் பிறகு பர்மா அரசு நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது. ஆச்சிமார் பணமும் அதோடு போயிற்று.

முன்கூட்டியே பணத்தை ஊருக்குத் திருப்பியவர்களும் இருந்தார்கள். மௌல்மீனில் 1900-ல் வட்டிக்கடை தொடங்கிய திவான் பகதூர் ஏ.எம். முருகப்ப செட்டியார் குடும்பம் அவர்களில் ஒன்று. போர் பர்மாவைத் தொடுமுன்பே முதலை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1949-ல் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ், சைக்கிள், பிறகு கார்போரண்டம், சோழமண்டலம், பாரி என்று வளர்ந்தார்கள். பின்னாளில் குழுமத்தின் மேல்நிலைக் குழுவில் குடும்பத்தாரோடு வெளியாட்களையும் உட்கார வைத்தார்கள். பர்மாவில் எந்த இருக்கை காலியாக இருந்ததோ, அதை நிரப்பினார்கள் என்று எனக்குப் படுகிறது. இந்தக் குடும்பத்துக்கு நான் திரும்ப வருவேன்.

பிரிவதைப் பற்றி நம் ஊரில் ஒரு பயம் இருக்கிறது. பாகம் பிரிந்தால் தொழில் அழிந்தது என்பார்கள். சிவகாசி வேறு கதை சொல்கிறது. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் உறவினர்கள். 1922-ல் கல்கத்தாவுக்குச் சேர்ந்து போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். சேர்ந்து தொடங்கினார்கள், சில ஆண்டுகளில் தனித்தனியே தொழில் நடத்தினார்கள். ஒரு தொழிற்சாலையின் இடத்தில் இரண்டு வந்தன, ஊரே தொழிலூர் ஆனது. கடலூரில் அண்ணன் தம்பிகளுக்குள் கருத்து ஒத்துப்போகாமல் 1983-ல் பதினைந்தாயிரம் ரூபாயோடு வெளியே வந்தார் சி.கே. ரங்கநாதன். அவருக்குத் தெரிந்த தொழில் ஷாம்பு ஒன்றுதான். தகப்பனார் சின்னிகிருஷ்ணன் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து சிக் என்று பெயர் வைத்துப் பாக்கெட்டில் போட்டு விற்றார். குடும்பத்தோடு ஒட்டவில்லை, ஆனால் தகப்பனார் பெயரைத்தான் பாக்கெட்டில் அடித்தார். அதைத்தான் பின்னாளில் நாம் கெவின்கேர் என்று அறிந்தோம்.

முறையோடு பிரிந்ததற்கு மதுரையில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. திருக்குறுங்குடியிலிருந்து வந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ல் தொடங்கிய டி.வி.எஸ். அது. பஸ்ஸில் ஆரம்பித்து, லாரி, உதிரி பாகம், நிதி, மோட்டார் சைக்கிள் என்று விரிந்த தொழில். ராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா என்ற மகன்களின் கிளைகள் ஆளுக்கொரு தொழிலை நடத்தின. சந்தானம் கையில் சுந்தரம் பைனான்ஸ். கிருஷ்ணா கிளையில் சுந்தரம் பாஸ்டனர்ஸ். சீனிவாசன் கிளையில் சுந்தரம் கிளேட்டனும் டி.வி.எஸ். மோட்டாரும். ஒருவர் கம்பெனி நிர்வாகத்தில் மற்றவர் கை வைப்பதில்லை என்பது நடைமுறை. ஆனால் உடைமை மட்டும் மேலே தாய்க் கம்பெனிகளில் எல்லோருக்கும் பொதுவாகக் கலந்து கிடந்தது. நடத்துகிறவர் ஒருவர், உடைமை நான்கு கிளைக்கும் என்ற நிலை. அண்ணன் தம்பிகள் உயிரோடு இருந்தவரை அது தாங்கியது. பேரன், கொள்ளுப்பேரன் காலத்தில், ஒன்றுவிட்டவர்களும் இரண்டுவிட்டவர்களும் வந்த பிறகு, எந்தக் கிளை எந்தக் கம்பெனியை நடத்துகிறதோ அதன் உடைமையும் அந்தக் கிளைக்கே என்று மாற்றிக்கொள்ளத் தீர்மானித்தார்கள். 2020 இறுதியில் ஒப்புக்கொண்டு, கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதல் வாங்கி, 2022 தொடக்கத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பொதுமேடையில் ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்ளவில்லை. பெயரை எல்லோரும் வைத்துக்கொண்டார்கள். வேறு வைத்தலின் பெரிய வடிவம் இதுதான் என்று சொல்வேன்.

இத்தனை நேரமும் மகன், பேரன், அண்ணன், தம்பி என்றே பேசிக்கொண்டு வந்தேன். இங்கே முன் வரிசையில் இருக்கும் பெண்கள் கவனித்திருப்பார்கள். செட்டிநாட்டில் கல்யாணமான ஆண்தான் புள்ளி, அதாவது கணக்கில் ஒரு குடும்பம். கோயில் வரியும் புள்ளிக்குத்தான். ஆண் வாரிசு இல்லாவிட்டால் அதே கோயில் பங்காளி வீட்டிலிருந்து பிள்ளை கூட்டிக்கொள்வார்கள். மகள் இருந்தாலும் கூட்டிக்கொள்வார்கள். பெண்ணுக்குப் பணம் உண்டு, அதற்கு வட்டியும் உண்டு. கணக்கில் அவள் கடன் கொடுத்தவள். முடிவெடுப்பவர்கள் வரிசையில் மட்டும் அவள் பெயர் கிடையாது.

டி.வி. சுந்தரம் அய்யங்காருக்கு ஒரு மகள், சௌந்தரம். சிறு வயதில் கல்யாணம், இளம் வயதில் கைம்மை. பெற்றோர் படிக்க வைத்தார்கள், டெல்லியில் மருத்துவம் படித்தார். காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டு, 1947-ல் காந்திகிராமத்தைக் கட்டினார். வெறும் பொட்டலில் பள்ளி, மருத்துவமனை, கைத்தொழில் என்று ஒரு ஊரையே எழுப்பினார். 1962-ல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குப் போய் மத்திய துணை அமைச்சரானார். ஆள் சேர்ப்பது, பணம் திரட்டுவது, நிர்வாகம் என எதிலும் அவர் எந்தச் சகோதரருக்கும் குறைந்தவர் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் ஒரு கம்பெனியை நடத்தலாமா என்ற கேள்வி அந்தக் காலத்தில் எந்த வீட்டிலும் எழுந்திருக்காது. காந்திகிராமம் நமக்குக் கிடைத்தது, அதில் எனக்கு நிறைவுதான். ஆனால் கேள்வி எழாமல் போனது நம் தொழில் உலகத்துக்கு நஷ்டம் என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த தலைமுறையில் அதே குடும்பத்துக்கு மருமகளாக வந்த மல்லிகா சீனிவாசன், 1986-ல் தன் பிறந்த வீட்டு டிராக்டர் கம்பெனியான டாஃபேயில் சேர்ந்தார். தகப்பனார் சிவசைலம் மகளுக்கு வேலையைக் கொடுத்தார், பொறுப்பையும் கொடுத்தார். டாஃபே இன்று எங்கே நிற்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் நம் வீடுகளை முந்திவிட்டது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. அப்போது கல்யாணமாகாத பெண்களுக்கு மட்டும். 2005-ல் நாடு முழுவதும், கல்யாணமானவர்களுக்கும் சேர்த்து வந்தது. 2020 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம், தகப்பனார் எப்போது இறந்திருந்தாலும் மகளின் இந்த உரிமை பிறப்பால் வந்தது என்று உறுதியாகச் சொன்னது.

அதற்கு ஆறு வாரம் கழித்து, அதே ஆண்டு செப்டம்பரில், முருகப்பா குடும்பத்தின் பங்குகளை வைத்திருக்கும் அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. 2017-ல் காலமான எம்.வி. முருகப்பனுக்கு மகன் இல்லை, இரண்டு மகள்கள். மனைவிக்கும் மகள்களுக்கும் சேர்ந்து 8 சதவீதத்துக்குச் சற்று மேல் பங்கு வந்தது. மூத்த மகள் வள்ளி அருணாசலம் அணுப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், அமெரிக்காவில் வேலை பார்த்தவர். இயக்குநர் குழுவில் எங்கள் கிளைக்கு ஓர் இடம் கொடுங்கள், இல்லையென்றால் எங்கள் பங்கை நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டார். 90 சதவீதத்துக்கும் மேலான வாக்குகள் அவருக்கு எதிராக விழுந்தன. விவகாரம் நீதிமன்றப் படி ஏறியது. 2023 ஆகஸ்டில் குடும்பத்துக்குள் சமரசம் ஆகிவிட்டதாக இரு தரப்பும் அறிவித்தன.

அந்தக் கூட்டத்தில் வாக்களித்தவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்று ஆராய நான் வரவில்லை. வாக்களிப்பு சட்டப்படி நடந்தது. பங்கு என்பது வேறு, இருக்கை என்பது வேறு. பங்கு பிறப்பால் வரும், இருக்கை மற்றவர்கள் கை தூக்கினால்தான் வரும். ஆனால் இத்தனை ஒழுங்காகக் கணக்கு எழுதிய ஒரு சமூகத்தில், வெளியாட்களுக்கே இடம் ஒதுக்கிய ஒரு குழுமத்தில், மகள்களின் கிளைக்கு என்ன என்ற கேள்விக்கு முன்பே விடை எழுதி வைத்திருந்தால், தகப்பனை இழந்த ஒரு குடும்பம் ஆறு ஆண்டுகள் அலைந்திருக்க வேண்டாம். எனக்கு இது வருத்தம் தருகிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், வக்கீல்கள்கூட அதிகம் பேசாத சட்டம். ஒரு காலத்தில் குடும்பப் பணத்தில் படித்து உத்தியோகத்துக்குப் போனவனின் சம்பளம் குடும்பத்துக்கே சொந்தம் என்று நீதிமன்றங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. 1930-ல் வந்த இந்துக் கல்வி ஈட்டச் சட்டம் அதை மாற்றியது. யார் பணத்தில் படித்தாலும், படிப்பால் வரும் வருமானம் படித்தவருக்கே. நல்ல சட்டம்தான். அதன் நிழலில் நம் வீடுகளில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. மகன் படிப்புக்குச் செய்த செலவை யாரும் கணக்கில் வைப்பதில்லை. மகளுக்குப் போட்ட நகையைச் சவரன் சவரனாகக் கணக்கில் வைக்கிறோம்.

கடைசியாக விலை. குடும்பத்தின் பங்குகளை வைத்திருக்கும் தனியார் கம்பெனியின் பங்குக்குச் சந்தை கிடையாது. பத்து சதவீதம் வைத்திருப்பவர் காகிதத்தில் கோடீஸ்வரர், கையில் ஒன்றும் இல்லை. வெளியில் விற்கக் கம்பெனியின் சட்டதிட்டம் விடாது. உள்ளே வாங்குகிறவர்கள் சொல்வதுதான் விலை. ஆகவே, பிரிகிறவருக்கு என்ன விலை, அதை யார் மதிப்பிடுவது, எத்தனை தவணையில் கொடுப்பது என்பதைச் சண்டை வருமுன், எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் காலத்திலேயே எழுதிவிட வேண்டும். அப்போது எழுதினால் யார் வாங்குகிறவர், யார் விற்கிறவர் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லோரும் நியாயமான விலையாகவே எழுதுவார்கள்.

உங்களிடமிருந்து வந்த கேள்விச் சீட்டுகளில் முதல் சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். பெயர் எழுதவில்லை. “மகள் வெளிநாட்டில் இருக்கிறாள், கடைக்கு வரமாட்டாள். பங்காக எழுதுவதா, பணமாகக் கொடுத்துவிடுவதா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

எதுவும் செய்யலாம், முதலில் அவளிடம் கேளுங்கள். அம்மா மூலமாகக் கேட்காதீர்கள், மகன்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நீங்களே கேளுங்கள். பங்காக எழுதினால், அவள் எப்போது விற்கலாம், யாருக்கு, எந்த மதிப்பில் என்பதை அதே பத்திரத்தில் எழுதுங்கள். பணமாகக் கொடுத்தால், கடையை இன்றைய நிலவரத்தில் ஒரு வெளிக் கணக்காளரை வைத்து மதிப்பிடுங்கள். அவள் கல்யாணத்தில் போட்ட நகையைக் கழிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், கழியுங்கள். மகன்களின் கல்லூரிச் செலவை அவர்கள் பங்கில் கழித்த பிறகு கழியுங்கள்.